சாமுவேலின் தலை அளவு

ஹெல்மெட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்தைப் பார்க்கிறார்கள், அளவைப் பார்ப்பதில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்குப் பொருளில் குறை இருந்ததோ என்ற சந்தேகம் வந்ததாகக் கேள்விப்பட்டு இதை எழுதுகிறேன்.

சாமுவேல் உத்திரமேரூரில் என்னோடு எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். அவன் அம்மா சிட்டம்மாள் இன்றும் எங்கள் நிலத்தில் நாற்று நடுகிறவள். மலேரியா ஒழிப்பில் வேலை கிடைத்து, 1983 தை மாதம் மோட்டார் சைக்கிள் வாங்கினான். டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் என்னைக் கூப்பிட்டான்.

"முத்துகிருஷ்ணா, நீதான் எதுன்னாலும் லெட்டர் போட்டு விசாரிப்ப. வண்டி ஓட்டச்சொல்ல போட்டுக்கினு போறதுக்கு நல்லதா பாத்துச் சொல்லுப்பா."

"இன்னா சாமுவேலு, சண்டைக்கா கெளம்புற?" என்றான் கடைக்கார கோபால்.

"மண்டை ஒண்ணுதானே கீது, கோபாலு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சேரியிலிருந்து யாரும் அதுவரை எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

சென்னையில் மூன்று கடைகளுக்குக் கடிதம் எழுதினேன். தலையை நூலால் அளக்கச் சொன்னேன். அவனே அளந்து நூலைக் கீழே வைத்தான், எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டரை அங்குலம். நம் வெயிலுக்குத் தோல் கோட்டு ஆகாது என்று தடித்த கித்தான் கோட்டு, உள்ளங்கையில் தோல் வைத்த கையுறை, கணுக்காலை மூடுகிற பூட்ஸ். எல்லாம் முதல் தரம். பார்சல் வந்த அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"எங்க தெருவுல வரச்சொல்ல மட்டும் தலையில கீறத கழட்டிடு. நைனா தப்பா நெனைப்பாரு. நூறு கெஜம்தானே."

அவன் ஹெல்மெட்டைக் கையில் திருப்பிப் பார்த்தான். பிறகு, "உனக்கோசரம் கழட்டுறேன்" என்றான்.

சொன்ன சொல் தவறவில்லை. தினமும் காலையில் தெரு முனையில் நிறுத்திக் கழற்றுவான், ஹேண்டில்பாரில் மாட்டுவான், பிறகு வேகமாகத் தாண்டிப் போவான். அந்த நூறு கெஜம் அவனுக்குப் பிடிக்கவில்லை போலும். பதினொரு நாள் கவனித்தேன்.

அறுவடையானதும் கேழ்வரகுக் கதிரைத் தார் ரோட்டில் பரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டிகள் ஏறி மிதித்துக் கொடுத்துவிடும். பன்னிரண்டாம் நாள் எங்கள் முறை. எட்டரை மணி பஸ் போன பிறகு, எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே உடைந்த அம்மிக்கல்லை ரோட்டு நடுவில் வைத்து அதன்மேல் கதிரை நானே பரப்பினேன். அடுத்து வருகிற வண்டி அவனுடையது.

கோட்டு கிழியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு இல்லை. கை, கால் எல்லாம் நன்றாகவே இருந்தன. நான் தேர்ந்தெடுத்த எதிலும் குறை சொல்ல முடியாது; ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை.

சத்தம் கேட்டு முதலில் போனவன் நான்தான். அவனுக்கு நினைவு இருந்தது. "முத்துகிருஷ்ணா, தண்ணி" என்றான். நின்றுகொண்டிருந்தேன். மறுபடியும் பெயரைச் சொன்னான். மூன்றாம் முறை, அவன் அம்மா எங்களைக் கூப்பிடுகிறபடி, "ஆண்டே" என்றான்.

உடனே உள்ளே போனேன். சொம்பில் கொடுக்க முடியாதல்லவா; கொட்டாங்கச்சி தேடியதில்தான் நேரமாகிவிட்டது.