நானூறு தடவை ஓடிய புள்ளி

"நீ வெச்ச ஒத்தப் புள்ளி நானூறு தபா ஓடுது, அண்ணாத்த."

மதுராந்தகத்தில் நான் ஏறிய செங்கல்பட்டு ரயிலில், எதிரே இருந்த பெண் மடிக்கணினியைப் பார்த்தபடி சொன்னாள். பக்கத்திலிருந்தவன் அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"இன்னாம்மா சொல்ற? பத்து மணிக்கு ஆஸ்பத்திரில டாக்டருங்க முன்னாடி தொறக்கணும். ரத்தம் குடுக்குற நானூறு பேரு லிஸ்ட்டு, நேத்து மாதிரி தொறக்காம சுத்திகினே இருந்தா வேணாம்னுடுவாங்க."

"நேத்து எவ்ளோ நேரம் சுத்திச்சி?"

"பாலாத்துப் பாலம் முழுக்க."

"சுத்தாம இன்னா பண்ணும்? புரோகிராம்ல ஆளுக்குப் பக்கத்துல புள்ளி வெச்சு ஊருன்னு எழுதிக்கீற. அது ஒவ்வொரு ஆளுக்கும் வெவரமெல்லாம் இருக்குற டேட்டாபேஸ் வரைக்கும் தனியா போய் ஊரக் கேட்டுகினு வருது. பேரு கேக்கசொல்லவே எல்லார் ஊரையும் சேத்துக் கேட்டுடு."

"அவ்ளோதானா?"

"ஒரே வரி."

எழுதினான். ரயில் பாலத்தில் ஏறும்போது பட்டியலைத் திறந்தான். நானூறு பெயரும் ஊரோடு சட்டென்று வந்து நின்றன. நானும் எட்டிப் பார்த்துவிட்டேன்.

அவனோ திரையை விட்டுச் சன்னல் பக்கம் திரும்பி, கீழே ஆற்று மணலையே பார்த்தான்.

"ரயிலு இன்னும் தண்ணிகிட்டகூட வரலியே!" என்றான்.