நடுவிரல் கிழிந்த கையுறை

பின்னேரம் ஐந்தரைக்குக் கீரிமலைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மஞ்சளாகும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு சாம்பல் நிறமாகிவிடும். வேறொரு கிரகத்தைக் காட்ட எங்களிடம் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம் மட்டுமே.

படம் பார்த்தவர்கள் அந்த நிறத்தைக் கணினியில் செய்ததாக நினைக்கிறார்கள். இல்லை. கல் அகழ்ந்துவிட்டுப் போன கிடங்கு அது. ஆடுகள்கூட இறங்குவதில்லை. வானத்தை மட்டும் கணினியில் மாற்றினேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சேர். சொல்கிறேன். என் கண்ணில் போட்டிருக்கும் கட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். பேசுவதற்குக் கண் தேவையில்லை.

எனக்குச் சுன்னாகத்தில் ஒரு ஸ்ரூடியோ. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாம் எடுப்பேன். செத்த வீட்டு வீடியோவுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கனடாவில் இருக்கிற பிள்ளைகளால் உடனே வந்து சேர முடியாது. அவர்களுக்கு நேரலையாகக் காட்ட வேண்டும். எந்தப் பக்கமிருந்து எடுத்தால் மூக்கில் வைத்த பஞ்சு தெரியாது என்பது எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் இறந்தவர்களை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் பிந்தியே போனேன். குளிப்பாட்டி, உடுத்தி, கண்ணை மூடிய பிறகு. உயிர் எப்படிப் போனது என்பது என்னுடைய எந்த வீடியோவிலும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழிலின் எல்லை அது.

‘மிச்சக் காற்று’ என் முதல் படம். கதை சிறியது. ஒருவன் பெயரில்லாத கிரகத்தில் தனியாக விடப்படுகிறான். கப்பல் பழுது. காற்று குறைகிறது. கடைசியில் தீர்ந்துவிடுகிறது.

யதுசன் நடித்தான். இருபத்து நான்கு வயது. என் ஸ்ரூடியோவுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்தான். அவனுடைய அக்கா நிவேதனா புத்தூரில் தையல் செய்கிறாள். விண்வெளி உடையையும் கையுறைகளையும் அவள்தான் தைத்தாள். மழைக்கோட்டுத் துணி, உள்ளே பஞ்சு. தலைக்கவசத்தைக் குருநகரில் பைபர் வள்ளம் திருத்துகிற கொலின்ஸ் வார்த்துக் கொடுத்தான். காற்றுப் புகாதது போலத் தெரிய வேண்டும் என்று கழுத்துக்கு லொறி ரியூப் வைத்தோம். முன்னால் கண்ணாடி, பின்னால் இரண்டு கொளுக்கி. போட்டவன் தானாகக் கழற்ற முடியாது. பிடரியில் ஒரு துளை, அதில் கணினி விசிறி. காற்று அதனால் வரும்.

உடையை முதலில் போட்டுப் பார்த்த அன்று நிவேதனா ஒரு நிபந்தனை வைத்தாள்.

“உவன் கண்ணாடியிலை மூண்டு தரம் தட்டினா உடனை கழட்டோணும் அண்ணை. படமும் கிடமும் பேந்து.”

“ஓம்,” என்றேன்.

“ஓமெண்டு சொல்லிப்போட்டுக் கமராவுக்கை பூந்திடுவியள். எனக்குத் தெரியாதே.”

யதுசன் உள்ளிருந்து மூன்று தரம் தட்டிக் காட்டினான். கழற்றினோம். “அக்கா, மூக்குக் கடிச்சாலும் தட்டலாமோ?” என்று கேட்டான்.

படப்பிடிப்பு முழுவதும் அந்த நிபந்தனையை மதித்தேன். ஒருமுறை நல்ல ஒளியில், காட்சியின் நடுவில் தட்டினான். அப்போதும் கழற்றினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சி மட்டும் வரவில்லை. பல பின்னேரங்கள் எடுத்தோம். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தான். கோயில் திருவிழா நாடகத்தில் சாகிறவர்களைப் போல.

“தம்பி, காத்தில்லாதவன் நெஞ்சைப் பிடிக்கமாட்டான்.”

“அப்ப என்னத்தைப் பிடிப்பான் அண்ணை?”

“தெரியேல்லை.”

“உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாக்கிற சனத்துக்கு மட்டும் தெரியுமோ? எடுத்து முடியுங்கோ. நான் கனடாவிலை சினோவுக்கை விறைச்சுச் சாகேக்கை ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடுறன்.”

“சாகிற கதை கதையாதை,” என்று நிவேதனா அவன் முதுகில் அடித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அது என்னோடு வீட்டுக்கு வந்தது.

அந்தக் கிழமை அவன் காத்திருந்த கனடா விசா வந்தது. வெள்ளிக்கிழமை பயணம். எங்களுக்கு மிஞ்சியது வியாழன் பின்னேரத்து ஒளி.

வியாழன் நாங்கள் இருவர் மட்டும் கிடங்குக்குள் இறங்கினோம். நிவேதனா தம்பியின் பயணத்துக்கு அர்ச்சனை செய்ய நகுலேஸ்வரத்துக்குப் போயிருந்தாள். முதல் தடவை நேர்மையாக எடுத்தேன். அவன் நெஞ்சைப் பிடித்தான். அவனுக்கு நான் கொடுத்த சந்தர்ப்பம் அது. “இன்னொருக்கா எடுப்பம்” என்றேன்.

கொளுக்கியைச் சரிபார்ப்பதுபோல அவன் பின்னால் நின்றேன். விசிறியின் வயரை இழுத்தேன். அதன் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டுத்தான் எடுப்போம். துளை திறந்திருப்பதால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மூச்சு முட்டாது. அதனால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு துளையின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டினேன். அது வழக்கமில்லை. ஒட்டுநாடாவைக் காலையிலேயே காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

தொடக்கத்தில் நடித்தான். பிறகு கண்ணாடி உள்ளிருந்து வெளுத்தது. நெஞ்சிலிருந்த கையை எடுத்தான். நடிப்பு அங்கே நின்றது. கமராவை நேராகப் பார்த்து மூன்று தரம் தட்டினான். நிறுத்திப் பார்த்தான். மறுபடி மூன்று தரம் தட்டினான். அதற்குப் பிறகு எண்ணித் தட்டவில்லை.

எழுந்து என் பக்கம் ஓடிவந்தான். விழுந்தான். முழங்காலில் வந்தான். நான் அதே வேகத்தில் பின்பக்கமாக நடந்தேன். அந்தக் கற்களில் பின்பக்கமாக நடப்பது இலேசில்லை. கலியாண வீடுகளில் பழகியது. மணவறைக்கு வரும் மாப்பிள்ளைக்கு முன்னால் நாங்கள் அப்படித்தான் நடப்போம். படம் ஒரு கணமும் மங்கவில்லை.

தலையைக் கல்லில் அடித்தான். பலமுறை அடித்தான். பைபர் உடையவில்லை. கொலின்ஸ் நல்ல வேலைக்காரன். கண்ணாடியின் உள்பக்கம் இரத்தம் வழிந்தது. மூக்கு உடைந்திருந்தது. படம் வந்த பிறகு இரத்தத்துக்கு என்ன பாவித்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். பீற்றூட் என்று சொன்னேன்.

பிறகு என் காலைப் பிடித்தான். கணுக்காலுக்கு மேலே, இரண்டு கைகளாலும்.

காற்றில்லாதவன் பக்கத்தில் நிற்கிறவனைப் பிடிப்பான். அவன் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். அவனே கண்டுபிடித்தான்.

ஆனால் என் கால் படச்சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒரு கையை உதறினேன். மற்றது விடவில்லை. சப்பாத்தால் மிதித்தேன். கீழே கல்லின் விளிம்பு. எலும்பு நொறுங்கியது காலுக்குத் தெரிந்தது. கையுறையின் நடுவிரலும் அப்போதுதான் கிழிந்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. என்னுடைய பிழை அது ஒன்றுதான்.

அவனுடைய கால்கள் ஓய்ந்த பிறகும் கமராவை நிறுத்தவில்லை. ஒளி சாம்பலாகும்வரை எடுத்தேன். அந்த நேரம் தூரத்தில் கோயில் மணி அடித்தது. ஒலிப்பதிவில் இருக்கிறது. நிவேதனாவின் அர்ச்சனை அப்போது நடந்திருக்கும்.

ஒட்டுநாடாவை உரித்தேன். கொளுக்கிகளைத் திறந்தேன். அவள் அர்ச்சனைத் தட்டோடு கிடங்குக்குள் இறங்கி வந்தபோது நான் அவன் நெஞ்சை அமத்திக்கொண்டிருந்தேன். முறைப்படிதான் அமத்தினேன். அவள் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தேங்காய்ப் பாதி உருண்டு வந்து என் சப்பாத்தில் முட்டியது. அவனை இருவருமாகத் தூக்கி மேலே கொண்டுவந்தோம். நான் மிதித்த கையைப் பிடித்திருந்தவள் அவள்.

மரண விசாரணையில் சொன்னது இதுதான். காட்சி முடிந்துவிட்டது. வானத்தை எடுக்க நான் மேலே ஏறினேன். அவன் தலைக்கவசத்தோடு கீழே இருந்தான். விசிறியின் பற்றரி நின்றுவிட்டது. தட்டுத்தடுமாறி விழுந்திருக்கிறான். விபத்து என்று எழுதினார்கள்.

செத்த வீட்டை நானே எடுத்தேன். காசு வாங்கவில்லை. கனடாவிலிருந்து அவனுடைய மாமா, படம் தெளிவு என்று செய்தி அனுப்பினார்.

மிச்சம் இருந்தது ஒரு சிக்கல். கடைசிக் காட்சியில் அவன் தட்டுகிறான். நிவேதனாவுக்கு அந்தத் தட்டுத் தெரியும். வெட்டிவிடலாம். ஆனால் அதை வெட்டினால் காட்சி இல்லை. ஒரு மாதம் கழித்து, விசாரணை முடிந்து திரும்பக் கிடைத்த அந்த உடையை நானே போட்டுக்கொண்டேன். என் கை சிறியது. கையுறைக்குள் பஞ்சு அடைத்தேன். பின்னால் விளக்கை வைத்து, கப்பலின் சன்னலில் ஒரு கை மூன்று தரம் தட்டுவதை எடுத்துப் படத்தின் தொடக்கத்தில் சேர்த்தேன். முதலில் ஒருமுறை வந்துவிட்டால், கடைசியில் வருவது கூக்குரல் அல்ல. அது கதையில் வைத்த குறிப்பு.

திரையிட்ட அன்று நிவேதனா முன்வரிசையில் இருந்தாள். வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். “கடைசியிலை தட்டினவன் அண்ணை,” என்றாள்.

“அது கதையிலை இருக்கு பிள்ளை. முதலிலையும் வருது, பாத்தனிதானே?”

“ஓம்,” என்றாள். அழுதுகொண்டே போனாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

றஜிந்தன் என்றொரு பொடியன் யூடியூப்பில் படங்களைப் பற்றிப் பேசுகிறவன். எங்கள் படத்தில் ஒளிந்திருக்கும் குறிப்புகள் என்று ஒரு வீடியோ போட்டான். எனக்கு மகிழ்ச்சி. கப்பலுக்குள் மிதக்கும் தேசிக்காயைக் கண்டுபிடித்திருந்தான். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அது நான் வைத்தது. கப்பலின் சுவர்களில் இருக்கும் பனங்குற்றிகள் யுத்த காலத்துப் பங்கரைக் குறிக்கின்றன என்றான். அதுவும் சரி. கடைசியில் கேட்கும் மணி, உயிர் இறைவனிடம் சேர்வதன் குறியீடு என்றான். மறுக்கத் தோன்றவில்லை. மூன்று தட்டைப் பற்றி நீளமாகப் பேசினான். கதவு திறக்காது என்று தெரிந்தும் மனிதன் தட்டுவான் என்றான். நன்றாகத்தான் சொன்னான்.

முடிவில் ஒரு பிழையும் காட்டினான்.

“மக்கள், உதைப் பாருங்கோ. முதல்க் காட்சியிலை நடுவிரல் கிழிஞ்சிருக்கு, வெளிச்சம் பூந்து வருது. பேந்து படம் முழுக்கத் தேடினன், கிழிசலே இல்லை. வேற்றுக்கிரகத்திலையும் எங்கடை ஆக்கள் தையல்கடை போட்டிட்டினம் போலை.”

மறுநாள் காலை, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நிவேதனா ஸ்ரூடியோவுக்கு வந்தாள். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“அண்ணை, கையுறை ஒரு சோடிதான் தைச்சனான். அண்டு கோயிலுக்குப் போக முதல் நான்தான் அவனுக்குப் போட்டுவிட்டது. கிழிசல் இல்லை. அவனைத் தூக்கேக்கை கிழிஞ்சு கிடந்தது.”

நான் கணினியைத் திறந்தேன்.

“அப்ப அந்த முதல்க் காட்சி அவன் செத்தாப்பிறகு எடுத்தது. அது ஆற்றை கை அண்ணை? அவன் செத்தாப்பிறகு ஏன் முதலிலை தட்டு வைச்சனீங்கள்?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் நேர்மைக்கு அதைவிடச் சான்று வேண்டாம். வெட்டாத முழுப் பதிவையும் நான் அழிக்காமல் வைத்திருந்தேன். கணினியை அவள் பக்கம் திருப்பி ஓடவிட்டேன். ஒருவராவது பார்க்க வேண்டும் என்று எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் நின்றபடி பார்த்தாள். அவன் தட்டும்போது அவளுடைய விரல்களும் மேசையில் தட்டின. அவள் முகத்தை எடுத்திருக்கலாம். கமரா கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

அவன் என் காலைப் பிடித்த இடத்தில் கமரா நிறுத்தும் முக்காலியைத் தூக்கினாள். முதல் அடி கண்ணில். மற்றவை எங்கே விழுந்தன என்று வைத்தியர் எழுதியிருப்பார். நான் கையை உயர்த்தவில்லை. அவள் மேல் எனக்கு முறைப்பாடு இல்லை. அவளுக்கு ஒன்றும் செய்துவிடாதீர்கள். நிற்கும் என்று நினைத்து ஓரிடத்தில் “நிவேதனா” என்று கூப்பிட்டுத் தரையில் மூன்று தரம் தட்டினேன். அவள் நிறுத்தவில்லை. அதிலும் நியாயம் இருக்கிறது.

யதுசன் மேல் எனக்குக் கோபம் ஒருபோதும் இருந்ததில்லை. இதுவரை எழுதியதில் திருத்தம் இல்லை. துளையை அடைத்தது நான். அவன் தட்டியது எனக்குக் கேட்டது. திறக்க நேரம் இருந்தது. திறக்கவில்லை. கொன்றேன். அந்தச் சொல்லையே போடுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும். படத்தில் இருப்பது சிறு துண்டு. நிவேதனா முடிவுவரை பார்க்கவில்லை. முழுவதையும் பார்த்தவர் என்னைத் தவிர நீங்கள் ஒருவர்தான்.

“ஒளிக்காமல் சொல்லுங்கோ சேர். அவன் நெஞ்சிலையிருந்து கையை எடுத்தாப்பிறகு, எங்கையாவது நடிப்பெண்டு தெரியுதோ?”