மாறாத இருநூத்தி அறுபது

இல்ல தம்பி, வண்டிச் சாவிய இப்ப தரமாட்டேன். கோச்சுக்கிட்டாலும் பரவால்ல. மொதல்ல பின்சீட்ல இருக்கற புள்ளைங்கள எறக்குங்க. உள்ள கடகடன்னு சத்தம் கேக்குதுல்ல, என் வீட்டுக்காரி தையல் மெஷின்ல உக்காந்திருக்கா. அங்க போய் இருக்கட்டும்.

எறக்கிட்டீங்களா, சரி. இப்ப வண்டிக்கு அடில குனிஞ்சு பாருங்க. கைய வெச்சிடாதீங்க, இப்பத்தான் மறுபடி ஓட விட்டு நிறுத்தினேன், கொதிக்குது.

நேத்து வண்டிய விடறப்ப என்ன சொன்னீங்க? மஞ்ச லைட்டு வந்து வந்து போகுது, பொகக் கொழாய்ல சூடு பாக்கற சென்சார் போச்சாம், லைட்ட மட்டும் அணைச்சுக் குடுங்க, மலை ஏறணும்னு. நானும் சென்சார்தான்னு நெனச்சேன். காலைல கம்ப்யூட்டர மாட்டினா சூடு இருநூத்தி அறுபது டிகிரிங்குது. ராத்திரி பூரா நின்ன வண்டி. கொழாயத் தொட்டா சில்லுன்னு இருக்கு. சரின்னு ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் மிதிச்சேன். அப்பவும் அதே இருநூத்தி அறுபது.

என்னவா? செத்த சென்சார்னா ஒண்ணு உச்சத்துல நிக்கும், இல்ல அடில கெடக்கும். இப்படி நடுவுல நல்ல புள்ளையாட்டம் உக்காந்திருக்காது. ஒயர லேசா ஆட்டினேன், லைட்டு வந்துச்சு. இழுத்துப் பாத்தா, அந்தப் பக்கம் சென்சாரே இல்ல தம்பி. ஓட்டைய ஒரு போல்ட்ட வெச்சு அடைச்சிருக்கு. ஒயர் நுனில சென்சாருக்குப் பதிலா அரிசி மாதிரி ஒரு ரெசிஸ்டர், மேல டேப்பு சுத்தி. சூடு எவ்ளோ ஏறினாலும், எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு வண்டியோட கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லிட்டே இருக்கும்.

உங்க சின்னவன் கால் சுடுதுன்னு அழுதான், சேட்டைன்னு ஒண்ணு வெச்சேன்னீங்களே. அவன் கால் வெக்கற எடத்துக்கு நேர் கீழதான் கொழாய் போகுது, கார்ப்பெட்டத் தூக்கிப் பாத்தேன். அடில பஞ்சு கருகிக் கெடக்கு.

உக்காருங்க. தண்ணி வேணுமா?

எவன் செஞ்சான்னா... பழைய ஓனர் வந்து அவசரம்னு தலைக்கு மேல நின்னிருப்பாரு, இப்ப நீங்க நிக்கற மாதிரி. புது சென்சார் வர நாலு நாளாகும். அதுவரைக்கும் ஓட்டுங்க, வந்து மாத்திக்கோங்கன்னு மெக்கானிக் இந்த ரெசிஸ்டரப் போட்டுக் குடுத்திருப்பான். லைட்டு அணைஞ்சப்புறம் எவன் திரும்பி வரான்? வித்துட்டுப் போயிட்டாரு. நீங்க வாங்கிட்டீங்க. அந்த மெக்கானிக்காச்சும் ஒரு போன் போட்டிருக்கலாம். போடல. ஏன் போடலன்னு காலைலேந்து யோசிச்சிட்டிருக்கேன்.

கைல கெடைச்சா கைய ஒடிப்பீங்களா? ஒடிக்கலாம். நியாயந்தான்.

இந்த டேப்பப் பாருங்க. நுனி பிரியாம இருக்க நீல நூலால மூணு சுத்து, ரெண்டு முடிச்சு. சூட்டுல டேப்பு பச விட்டுரும், நூலு விடாது. வேற யாரும் இப்படிக் கட்டிப் பாத்ததில்ல. உள்ள எட்டிப் பாருங்க, சின்னவன் மெஷினுக்குக் கீழ நூல்கண்டு உருட்டிட்டிருக்கான். அதே நீலந்தான்.

சாவி என் பாக்கெட்லயே இருக்கட்டும் தம்பி. இந்த வண்டிக்குக் கட்டினது எனக்கு ஞாபகமே வரல. இன்னும் எத்தன வண்டிக்குக் கட்டினேன்னும் வரல.