மூன்று கோடும் நேராக ஓடியபோது

மார்பில் ஒட்டும் பட்டை வியர்வையில் கழன்றுவிடும். எங்கள் வேலையில் தினமும் நடப்பதுதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நோயாளியின் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்புவோம். அது ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும். மறுநாள் கணினியில் பார்த்து, பட்டை கழன்ற இடங்களை நீக்கிவிட்டு டாக்டரம்மாவுக்கு அனுப்புவது என் வேலை. "அவர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறவரு" என்று டாக்டரம்மா என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்வார். பதினெட்டு வருடமாக அந்தப் பெயரில்தான் நிமிர்ந்து நடந்தேன்.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அந்தத் தையல்காரம்மா முதலில் வந்தது படபடப்பு, தலைசுற்றல் என்று. அன்று பதிவுகள் குவிந்து கிடந்தன. அவருடையதில் துடிப்பு நின்று நின்று வந்த இடங்களையெல்லாம் பார்க்காமலே, பட்டை கழன்றதென்று நீக்கினேன். மிஞ்சியது வேகத் துடிப்பு மட்டும். அதை அடக்க டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார்.

ஒரு மாதத்தில் தலைசுற்றல் அதிகமாகித் திரும்பி வந்தார். மறுபடி பெட்டி கட்டினேன். இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன். பதிவில் மூன்று கோடுகள் ஓடும், ஒரு பட்டை கழன்றால் ஒரு கோடுதான் கெடும். அவருக்கு மூன்று கோடும் ஒன்றாக நேராக ஓடின, ஆறு விநாடி. துடிப்புக்குக் கட்டளையிடும் சைனஸ் முடிச்சே அவ்வப்போது ஓய்ந்துவிடுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்கு அந்த மாத்திரை ஆகாது. பேஸ்மேக்கர் வைத்தால் பிழைத்துக்கொள்வார். இது எனக்கே தெரியும்.

மயக்கம் வந்த நேரத்தை எழுத ஒரு தாள் கொடுப்போம். பெரும்பாலானோர் வெறுமையாகத் திருப்பித் தருவார்கள். அவர் துணி அளவு குறிப்பதுபோல வரிசையாக எழுதியிருந்தார். 'பதினொன்று பத்து. காஜா எடுக்கும்போது கண் இருட்டியது.' பதிவிலும் பதினொன்று பத்துதான். அந்தத் தாள் இதோ, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவைத் திறந்தேன். அதிலும் அதேதான். இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும், பெயர் கெட்டுவிடும். அன்று அவசரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு இடமாக நிதானமாகக் குறித்து நீக்கினேன். பதினான்கு இடங்கள். மறுபடியும் வேகத் துடிப்பு மட்டுமே மிஞ்சியதால் டாக்டரம்மா மாத்திரையை இரட்டிப்பாக்கினார். அந்தச் சீட்டும் என் மேசை வழியாகத்தான் போனது.

ஒன்பதாம் நாள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்து இறந்துவிட்டார். வெட்கமாக இருக்கிறது. முகம் கழுவும்போதுகூடக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

பழைய அறிக்கைகளை வாங்க அவர் கணவர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு தடவையும் நீங்கதானே பாத்தீங்க தம்பி. ஏதாவது தெரிஞ்சுதா?"

"மெஷின்ல ஒண்ணும் தெரியலைங்கய்யா."

"அப்ப நான்தான் அவளைச் சரியாக் கவனிக்கல" என்று அழுதார்.

அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக்கொடுத்தேன். "விடுங்கய்யா, நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க" என்றேன். அந்தக் குடும்பத்துக்கு என்னால் முடிந்த நல்லதையும் செய்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.