இரண்டாவது சாவி

“உனக்கு எதுக்குத் தனியா ஒரு சாவி?”

கார் வாங்கிய அன்று சுரேஷ்குமார் இப்படித்தான் கேட்டார். சிந்துவுக்கு எந்தப் பதிலும் மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போதுதான் வரும். அந்தச் சாவி நான்கு வருடமாகப் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் கிடந்தது. விஜயதசமியன்று காலை ஒன்பதேகாலுக்கு அதைக் கையில் பிடித்தபடி, மந்தைவெளி அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் அவள் நின்றிருந்தாள். கார்க் கதவு திறந்திருந்தது. கார் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அந்த அலறலுக்குள்ளேயே கைப்பேசியும் அடித்தது. பூஜைக்காகச் சொந்த ஊர்க் கடைக்குப் போயிருந்த கணவர் சுரேஷ்குமார்தான்.

“ஹலோ... ஆமாங்க, நான்தான்... இல்ல இல்ல, திருடன் எல்லாம் இல்ல, கதவத் திறந்தது நான்தான்... கார் ஆப்ல உங்க போனுக்கே வந்துடுச்சா? எதிர்வீட்டுக்காரங்களே இப்பத்தான் எட்டிப் பாக்கறாங்க, கோவில்பட்டிக்கு அதுக்குள்ள சேதி போயிடுச்சா? ... கத்தாதீங்க. இங்க ஏற்கெனவே ஒண்ணு கத்திக்கிட்டிருக்கு.”

அலறல் தானாகவே ஓய்ந்தது.

“அப்பாடா... ஒண்ணுமில்ல மாமா, நம்ம வண்டிதான்! ... உங்களச் சொல்லலங்க. மூணாவது மாடி சந்திரமௌலி மாமா பேப்பரோட வந்து நிக்கறார்... எந்தச் சாவியா? ரெண்டாவது சாவி. மொத சாவியத்தான் நீங்க பேண்ட் பையிலயே போட்டுக்கிட்டு ஊருக்குப் போயிட்டீங்களே... ஆமாங்க, அந்தச் செத்த சாவிதான். நாலு வருஷம் சாமிக்குப் பக்கத்துலயே இருந்தும் அதுக்கு உயிர் வரல. அதான் பேட்டரி மாத்தினேன்... யார் மாத்தினாங்களா? நான்தான்... ஏன், நான் மாத்தக் கூடாதா?”

காரைச் சுற்றி நடந்துகொண்டே பேசினாள்.

“லஸ்ல ஒரு வாட்ச் கடையில வாங்கினேன். சட்டைப் பட்டன் மாதிரி இருக்கு... ஆமா, ஆமா, பழசக் கையோட கொண்டுபோய், நம்பர் பாத்துத்தான்... வீடியோ பாத்தேங்க. ஓரத்துல ஒரு பள்ளம் இருக்கும், நெம்புங்கன்னு அந்த ஆள் சுலபமா சொல்லிட்டாரு. நகத்தால நெம்பினேன், நகம் போச்சு. தோசைத் திருப்பிய எடுத்தேன், அது உள்ளயே போகல. கடைசியில ஐஸ்கிரீம் ஸ்பூன்... சிரிங்க, நல்லா சிரிங்க. திறந்துடுச்சா இல்லையா? ... ப்ளஸ் போட்ட பக்கம் மேலதான். நேத்து காலையில அமுக்கினதும் வண்டி படக்குனு கண்ணச் சிமிட்டிச்சு. ராக்கெட் விட்டவ மாதிரி ரெண்டு சுத்து சுத்தி வந்தேன்.”

“...இன்னைக்கு அமுக்கினா ஒண்ணும் இல்ல. அப்புறம் சாவிக்குள்ளயே ஒரு இரும்புச் சாவி ஒளிஞ்சிருந்துது, அத உருவித் திறந்தேன். நம்ம வண்டியே என்னத் திருடின்னு ஊரக் கூட்டிடுச்சு... நடுவுல என்ன பண்ணேனா? ஒண்ணுமே பண்ணலங்க... ஆயுத பூஜைன்னு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். மிக்ஸி, ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, டிவி ரிமோட்... ஆமா, இதுக்கும் வச்சேன்... மேலதான்...”

அவள் குரல் இறங்கியது.

“...உள்ளயும்.”

சந்திரமௌலி மாமாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“இருங்க, சொல்றேன். வேல செய்யறது உள்ள இருக்கற பேட்டரிதானே? மூடிக்கு மட்டும் பொட்டு வச்சுட்டு, உழைக்கறதுக்கு வைக்கலன்னா நியாயமான்னு தோணிச்சு... ஆமா, மறுபடியும் ஸ்பூன் போட்டுத் திறந்து... சந்தனம். அதுக்கு மேல குங்குமம்... கொஞ்சம் தாராளமாத்தான்... சொல்லுங்க, சொல்லுங்க. எனக்கு நல்லா வேணும்.”

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இரும்புச் சாவியாலேயே மூடியை நெம்பினாள். பேட்டரியின் மேல் காய்ந்த சந்தனம் சின்ன அப்பளமாக ஒட்டியிருந்தது. சுரண்டி, துப்பட்டா நுனியால் துடைத்து, திரும்பப் பொருத்தி அமுக்கினாள். கார் கண்ணைச் சிமிட்டியது.

“வந்துடுச்சுங்க! ... ஆமா, ஆமா, இனிமே ஈரக் கையால தொட மாட்டேன். வருஷா வருஷம் மாத்திடறேன். பொட்டு மூடிக்கு மட்டும்தான், சத்தியமா... எங்கயா?”

மணி ஒன்பது முப்பத்தைந்து.

“கபாலி கோயிலுக்கு... ஆமா, நடந்து போற தூரம்தான்... இல்ல, பெசன்ட் நகர் பீச்சுக்கு... இந்த வெயில்ல ஒருத்தரும் போக மாட்டாங்கதான்... எனக்குப் பொய் சொல்லக்கூட துப்பு இல்ல, இருங்க. ஆழ்வார்பேட்டைக்குப் போறேன். கமர் ஜஹான் அக்காவோட டிரைவிங் ஸ்கூலுக்கு... அவங்களேதான், எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க... மறுபடியும் கத்துக்க இல்லங்க. கத்துக் குடுக்க.”

கைப்பேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஹலோ? ... இருக்கீங்களா? ... வேலைக்குத்தான். பொம்பளைங்களுக்கு மட்டும், காலையில ரெண்டு மணி நேரம்... நிஜமாத்தான். ரெண்டு மாசமா அவங்க வண்டியில பாண்டி பஜார், அடையாறு பாலம் எல்லாம் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்... காய் வாங்கப் போறேன்னு சொன்னது அதுதான்... காயும் வாங்கினேங்க, நீங்கதானே சாப்பிட்டீங்க... சரி, தப்புதான். சொல்லியிருக்கணும். சொல்ல நாலு தடவ வாயத் திறந்தேன், நாலு தடவையும் ‘இன்னொரு தோசை வைக்கவா’ன்னுதான் வந்துது.”

“...பத்து மணிக்கு நம்ம வண்டிய நாமளே ஓட்டிக்கிட்டுப் போய் அவங்க வாசல்ல நிறுத்தணும். அக்கா சர்டிபிகேட் எல்லாம் அப்புறம்தான் பாப்பாங்க. வந்து நிறுத்தற அழகப் பாத்துத்தான் ஆள் எடுப்பாங்க... ஆட்டோவா? ஆட்டோல போனா எத நிறுத்திக் காட்டறது? ஆட்டோக்காரர் அழகா நிறுத்துவார், வேல அவருக்குக் கிடைக்கும்... ஆமா, நானேதான். பேட்டரிக்குப் பொட்டு வச்சவதான் ஊர்ப் பொம்பளைங்களுக்குக் கார் சொல்லித்தரப் போறா. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு... ஆனா எனக்கு நல்லா ஓட்ட வருதுங்க. உங்க பக்கத்துல உக்காந்து வரும்போதும் நான் மனசுக்குள்ள பிரேக் போட்டுக்கிட்டேதான் வருவேன்... இல்ல, உங்களக் குத்தம் சொல்லல...”

பிறகு வெகுநேரம் அவர்தான் பேசினார்.

“...நீங்க வந்தப்புறமா? ஞாயித்துக்கிழமையா? ... பத்தரைக்கு இன்னொரு பொண்ணு வருதுங்க, அவளையே எடுத்துடுவாங்க... சரி... கோவம் எல்லாம் இல்ல... சரிங்க... ஆமா, எதுக்கு வேலைன்னு உங்க அம்மா கேப்பாங்கதான்... சரிங்க... உடம்பு சரியில்லன்னு ஒரு போன் பண்ணா போதும்தான்... சரிங்க... வண்டியப் பூட்டிட்டு மேல...”

பேசிக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். இருக்கை அவர் காலுக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளியிருந்தது; பெடல்களுக்கு அவள் கால் எட்டவில்லை. காதில் அவர் குரல் இப்போது தணிந்து, ஊரில் மழை பெய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. சிந்து குனிந்து, இருக்கைக்கு அடியிலிருந்த கம்பியை இழுத்து, இருக்கையை முன்னால் கொண்டுவந்தாள். கால் எட்டியது. அடுத்த ‘சரிங்க’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதை அவள் சொல்லவில்லை. இணைப்பைத் துண்டித்தாள், கைப்பேசியைப் பைக்குள் போட்டு மூடினாள். பைக்குள் அது மறுபடி அடித்தது. படிக்கட்டிலிருந்து சந்திரமௌலி மாமா ஏதோ கேட்டார். தூணுக்கும் மாமாவின் ஸ்கூட்டருக்கும் நடுவே வண்டியின் அகலத்துக்கு மேல் ஒரு முழ இடம்தான் இருந்தது. சிந்து பின்னால் பார்த்து, ஒரே திருப்பில் வண்டியை வெளியே எடுத்து, யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆழ்வார்பேட்டைப் பக்கம் திரும்பினாள்.