மறுபக்கத்தையும் திருப்பிப் போட்டேன்

இந்தக் காலத்தில் யாரும் ஒரு பாட்டை முழுசாகக் கேட்பதில்லை. பல்லவி முடியுமுன் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள். நீங்களும் என்னை விசாரிக்கும்போதே போனைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

லேத் பட்டறையில் நாற்பது வருஷம் நின்றவன் நான். பாதிக் காது அங்கேயே போயிற்று. மீதியும் இந்த வருஷத்தோடு சரி என்றார் டாக்டர். டாக்டர்கள் பேச்சை நம்புகிறவனில்லை, இதை நம்பினேன். அதற்குள் என் வயலின் இசைத்தட்டை ஒரே ஒரு தடவை சுத்தமாகக் கேட்டுவிட வேண்டும். ஆனால் என் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் ஸ்பீக்கர் இரண்டிலும் ஓயாத இரைச்சல். வயரை மாற்றினேன், வால்வை மாற்றினேன். போகவில்லை.

ரேடியோ மெக்கானிக் வந்து பார்த்தான். "வீட்டுல ஒவ்வொரு பிளக்கா பிடுங்கிப் பாருங்க பெரியவரே. எதைப் பிடுங்கினா நிக்குதோ அதான் திருடன்."

மகள் வேலைக்குப் போனதும் ஆரம்பித்தேன். ஃபிரிட்ஜ், ஃபேன், டியூப்லைட். இரைச்சல் அசையவில்லை. மிச்சம் இருந்தது பக்கத்து அறையில் என் மனைவியின் ஆக்ஸிஜன் மெஷின்.

குளிக்கும்போது ஐந்து நிமிஷம் அதில்லாமல் இருப்பாள். அவளைக் கேட்டுத்தான் செய்தேன். "ஒரு பாட்டுதான்" என்றேன்.

"உங்க காதுக்கு வந்த பவுசைப் பாரு. சீக்கிரம் வந்துடுங்க."

பிடுங்கினேன். இரைச்சல் நின்றது. முள்ளை இறக்கினேன். வில் கம்பியில் படுமுன் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது. அத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

முதல் பாட்டு முடிந்து அடுத்தது ஓடும்போது "என்னங்க" என்றாள். இரண்டு தடவை. பிறகு டம்ளரால் கட்டிலைத் தட்டினாள். எனக்குக் கை நடுக்கம். பாதியில் முள்ளைத் தூக்கினால் தட்டில் கீறல் விழும். பக்கம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு நிமிஷம்.

முடிந்தபோது அவள் அறையில் சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால் அப்புறம் கேட்க முடியாது என்று தெரியும். மறுபக்கத்தையும் திருப்பிப் போட்டேன்.

அவள் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தார் வக்கீல். பொய் எதற்கு? விழுந்தது.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து வேண்டுமானால் போடுகிறேன், ஒத்துக்கொள்ள மாட்டேன். கோளாறு வீட்டு வயரிங்கில். எர்த்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டிருப்போம். வீட்டைக் கட்டியவனைப் பிடித்துக் கேளுங்கள். லாக்கப்பில் எந்த அறை என்று சொல்லுங்கள், நானே நடந்து போய்க்கொள்கிறேன்.