கல்லோடு வந்தவை

— கையை உள்ள விடாதே விராசி! பாக்க சாதுவான புழு மாதிரிதான் இருக்கும், மேல பூரா முள்ளு. குத்துச்சுன்னா ஒரு வாரம் விரல் எரியும்.

— மெர்த்தா பொண்டாட்டிக்கு முள்ளுப்புழு தெரியாதா, சுகார்ஜா அண்ணே? அதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? நேத்து காலையில முத்தத்துத் தொட்டியிலேர்ந்து இந்தக் கல்லையெல்லாம் கண்ணாடித் தொட்டிக்கு மாத்தினேன். அப்போலேர்ந்து உள்ள யாரோ சொடக்கு போடற சத்தம். டக். டக். அது என்னன்னு சொல்லுங்க.

— சொடக்கு இறால்மா. ஒரு கை மட்டும் பெருசா இருக்கும், அதாலதான் அடிக்கும். உடம்பு இத்தனூண்டு, சத்தம் ஊருக்கே கேக்கும். என் மாமியார் மாதிரி.

— சிரிக்க வைக்காதீங்க. ரெண்டு மாசமா இந்த வீட்ல யாரும் சிரிக்கல. அந்தச் சத்தம் கேட்டு நான் ரெண்டு தடவை ஓடிப்போய் வாசக்கதவைத் திறந்தேன்.

— யாருன்னு நெனச்சே?

— யாருன்னு நெனைப்பேன்?

— சரி சரி, கண்ணைத் தொடை. ஒவ்வொண்ணா பாத்துடலாம். இந்தா, கண்ணாடிப் பூ மாதிரி ஒண்ணு ஆடுதே, இது களை. விட்டா தொட்டி பூரா ஆயிடும். சுண்ணாம்புத் தண்ணியை ஊசியில ஏத்தி அடிச்சா போயிடும். காலெல்லாம் மயிரா அந்த நண்டு இருக்கான் பாரு, அவனையும் தூக்கிடணும். பவளத்தையெல்லாம் மேஞ்சுடுவான்.

— எதையும் கொல்ல வேண்டாம்ணே.

— அட, தொட்டி நாறிடும்மா!

— நாறட்டும். அன்னைக்கு நீங்க படகுல கொண்டுவந்து எறக்கின கூடை இது. மெர்த்தா கடைசியா தொட்ட கல்லு. இதுல ஒட்டிக்கிட்டு வந்ததெல்லாம் அவர்கூட இருந்துட்டு வந்தது. மீன் தொட்டிக்குக் கல்லு வாங்கற டென்பசார் வியாபாரி மூணு தடவை கேட்டுட்டான், குடுக்கல. அவர் உடம்புகூடக் கெடைக்கல, இதையாவது வெச்சுக்கறேன்.

— உடம்பு கெடைக்கலைன்னாலும் அவன் ஆவியைக் கூப்பிட்டு வீட்ல உக்கார வெச்சாச்சே. நானும்தான் பக்கத்துல நின்னேன்.

— வெச்சோம். கோயில் முன்னாடி கரையில, அவர் மூழ்கின எடம்னு நீங்க கை காட்டின பவளத் திட்டைப் பாத்து, பூசாரி மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுக் கோயில்ல எடம் குடுத்து, தெனம் காப்பியும் பொரிச்ச வாழைப்பழமும் வெக்கறேன். ஆனா அவர் வரலண்ணே. போன வாரம் குறி சொல்றவர்கிட்ட போனேன். அவர் வாயில மெர்த்தா வந்தார். "என்னை யாரும் கூப்பிடவே இல்லையே, இங்க ஒரே இருட்டா இருக்கு"ன்னார்.

— குறி சொல்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க.

— என்னைப் பூனைக்குட்டின்னு கூப்பிட்டார். அந்தப் பேர் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

— அதை விடும்மா, அடுத்த கல்லைப் பாக்கலாம்.

— ஏன் முகம் ஒரு மாதிரி ஆகுது? காப்பியைக் குடிங்க, ஆறுது. பின்னால இருக்கற கல்லைப் பாருங்க. அதோட அடியில ஊதாவா சின்னச் சின்னக் கிளை. மொதல்ல பளிச்சுனு இருந்துச்சு. இப்ப நுனியெல்லாம் வெளுக்குது. அது என்ன?

— எங்கே, திருப்பு... அடேங்கப்பா! ஊதாச் சரிகைப் பவளம்மா இது, லேசுல கண்ணுல படாது. வெளுக்காம என்ன பண்ணும், மேல இத்தனை விளக்கைப் போட்டு வெச்சிருக்கே? வெயிலே ஆகாது இதுக்கு. நீரோட்டம் இழுக்கற ஆழத்துல, குகைக் கூரையில தலைகீழா தொங்கும்.

— குகையிலயா?

— குகையிலதான். பதினேழு வருஷம் முங்கினவன் சொல்றேன், வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

— கோயில் முன்னாடி திட்டு மூணு ஆள் ஆழம். அடி மணல் வரைக்கும் வெயில் அடிக்கும். அங்க குகை எங்கண்ணே இருக்கு?

— அது... பழைய கல்லு ஏதாச்சும் கூடையில கெடந்திருக்கும்.

— அன்னைக்குக் காலையில கூடையைக் கழுவிக் குடுத்ததே நான்தான். காலிக் கூடை. நம்ம பக்கம் குகைன்னா காவல் தீவுக்கு மேற்கால மட்டும்தான். அங்கயா போனீங்க ரெண்டு பேரும்?

— கத்தாதே விராசி, யார் காதுலயாவது விழும். அங்க ஒரு கல்லைத் தொட்டாலே ஜெயிலு. ஒரே ஒரு தடவைன்னு மெர்த்தாதான் சொன்னான். அவனும் போய்ட்டான், நானும் உள்ள போய்ட்டா ரெண்டு குடும்பமும் என்ன ஆகும்னு எடத்தை மாத்திச் சொல்லிட்டேன்.

— அடப்பாவி! கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேனே உன்னை! அவர் அங்க இருட்டுல கெடக்கார், நான் இங்க நின்னு வெறும் தண்ணியைப் பாத்துக் கதறியிருக்கேன். அதுகூட அவர் காதுல விழுந்திருக்காதே! இவ நம்மளை மறந்துட்டான்னு நெனச்சிருப்பாரே!

— மன்னிச்சிடும்மா. ரெண்டு மாசமா எனக்கும் சோறு எறங்கல.

— மன்னிப்பெல்லாம் அப்புறம். உங்களை யார்கிட்டயும் காட்டிக்குடுக்க மாட்டேன், பயப்படாதீங்க. எனக்கு அவர் வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில பூசாரியைக் கூட்டிட்டு வரேன். அந்தக் குகைக்கு நேர் மேல படகை நிறுத்துங்க. பூ, படையல் எல்லாம் என் பொறுப்பு. பேர் சொல்லிக் கூப்பிடறது மட்டும் நீங்க.

— நானா? வேண்டாம். நீ கூப்பிடு. பூசாரி கூப்பிடட்டும்.

— பூசாரி கூப்பிட்டு வராதவர் உங்களுக்கு வருவார். அவர் கீழ எறங்கினா காத்துக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு படகுல எப்பவும் நீங்கதானே? வேற யார் இருந்தாலும் எறங்க மாட்டேம்பார். நீங்க மேல வாடான்னா வந்துடுவார்ணே.

— என் கொரலுக்கு வரமாட்டான் விராசி.

— ஏன் வரமாட்டார்? அன்னைக்கு அந்தக் குழாய்ல முடிச்சு விழுந்து காத்து நின்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்?

— குழாய்ல முடிச்சே விழலம்மா. காவல் படகு கிட்டக்க வந்துச்சு. சத்தம் கேட்டுடக்கூடாதுன்னு, அவனுக்குக் காத்து அனுப்பற மோட்டாரை நான்தான் அணைச்சேன்.